குளிசை தவறினால் விழிக்கும் காவலன்

வன்னிப் பெருநிலத்துச் சகோதரிகளுக்குச் சிறுநீரக நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா போன்ற பகுதிகளில், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து வருவதை வைத்தியர்கள் கவனித்தனர். மதவாச்சியைத் தாண்டினால் வவுனியா. நோய் மாகாண எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. வவுனியாவும் முல்லைத்தீவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் சேர்ந்தன. குடிநீர், கடும் வெயிலில் உழைப்பு, விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இன்னதுதான் காரணம் என்று ஒன்றில் முடிவு ஏற்படவில்லை.

நோய் முற்றியவருக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. மற்றது, இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்துவது. தாயோ, தமக்கையோ, தம்பியோ தமது இரண்டில் ஒன்றைக் கொடுக்க முன்வருகிறார். கண்டியிலோ கொழும்பிலோ சத்திர சிகிச்சை நடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நோயாளி எழுந்து நடமாடுகிறார், முகத்தில் தெளிவு வருகிறது, பசி எடுக்கிறது.

ஒரு வருடம் போனதும் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: “சுகமாகிவிட்டதே, இனியும் ஏன் இத்தனை குளிசை?” ரமழான் நெருங்கும்போது இதே கேள்வி வேறு உருவில் ஆலிம்களிடம் வருகிறது: “ஹஸரத், நோன்பு மாதத்தில் மட்டும் குளிசையைக் குறைத்துக் கொண்டால் என்ன?”

நான் வைத்தியனல்ல, ஓதிக் கொடுப்பவன். ஆனாலும் கேள்வி எங்களிடம் வருவதால் பதிலைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் நமது இரத்தத்தில் ஓடும் மிகச் சிறிய ஒரு காவலனிடம் இருக்கிறது. அவன் எப்படி விழிக்கிறான், யார் சொல்லி விழிக்கிறான் என்பது விளங்கினால், குளிசையை ஏன் விடக்கூடாது என்பதும் விளங்கும்.

இரட்டையர் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் தீக்காயமடைந்தவர்களுக்கு மற்றவர்களின் தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். சில நாட்களில் அது கழன்று விழுந்தது. அதே நபரின் தோலை இரண்டாவது முறை ஒட்டியபோது இன்னும் விரைவாகக் கழன்றது. இதனைக் கூர்ந்து ஆராய்ந்தவர் பீற்றர் மெடவர் என்ற பிரித்தானிய விஞ்ஞானி. உடல் அந்நியப் பொருளை அடையாளம் காண்கிறது, அதனை நினைவிலும் வைத்துக் கொள்கிறது என்று அவர் கண்டார். 1960ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இருவருள் அவரும் ஒருவர்.

1954 டிசெம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற சத்திர சிகிச்சை நிபுணர், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். அது ஒட்டிக் கொண்டது. காரணம், இருவரும் அச்சு அசலான ஒரே கரு இரட்டையர். ரிச்சர்டின் உடற்காவலர்களுக்கு அந்தச் சிறுநீரகம் அந்நியமாகத் தெரியவில்லை.

நம்மில் எத்தனை பேருக்கு ஒரே கரு இரட்டையர் இருக்கிறார்கள்? பெற்ற தாயாக இருந்தாலும் பிள்ளைக்கும் அவருக்கும் பாதிதான் உறுதியாகப் பொருந்தும். பிள்ளையின் மறுபாதி தந்தையிடமிருந்து வந்தது. உடன்பிறந்தவர்களில் முழுமையான பொருத்தம் கிடைப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. எஞ்சிய எல்லோருக்கும் காவலனைச் சமாதானப்படுத்தியே ஆகவேண்டும்.

தைமஸ் என்னும் பாடசாலை

அந்தக் காவலனின் பெயர் ரீ கலம். வெள்ளை இரத்தக் கலங்களில் ஒரு வகை. எலும்பு மச்சையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் வளர்வதால் அச்சுரப்பியின் முதலெழுத்தைப் பெயராகப் பெற்றது. தைமஸ் எதற்கு இருக்கிறது என்பதே நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. 1961இல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிக் குஞ்சுகள் நோயை எதிர்க்க முடியாமல் போவதைக் காட்டினார்.

தைமஸ் ஒரு கண்டிப்பான பாடசாலை. அங்கே இரண்டு பரீட்சைகள் நடக்கின்றன. ஒன்று, சொந்த உடலின் அடையாள அட்டையை வாசிக்கத் தெரிகிறதா? மற்றது, சொந்த உடலையே தாக்கும் குணம் இருக்கிறதா? வாசிக்கத் தெரியாதவையும் சொந்த வீட்டைத் தாக்கக் கூடியவையும் அங்கேயே மடிந்து விடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை தேறுவதில்லை. இவ்வளவு வடிகட்டிய பிறகே மிகுதி இரத்தத்துக்கு அனுப்பப்படுகிறது. சுப்ஹானல்லாஹ்!

அடையாள அட்டை என்றேன் அல்லவா? நமது கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை, தட்டில் வைத்துக் காட்டுவது போல மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. தட்டு ஒவ்வொரு மனிதருக்கும் வேறுபடும். ரீ கலம் தட்டையும் அதிலுள்ள துண்டையும் சேர்த்தே வாசிக்கிறது. இதனை 1970களில் கண்டறிந்த பீற்றர் டொஹேர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்தில் இருப்பவை அடுத்தவரின் தட்டுகள். எனவேதான் ரீ கலத்தின் கண்ணில் அது உடனே படுகிறது.

இரண்டு சாட்சிகள்

கண்ணில் பட்டதும் பாய்ந்து விடுவதில்லை. ஒரு சாட்சியை மட்டும் வைத்து காழி தீர்ப்புச் சொல்வாரா? ரீ கலமும் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது.

முதல் சாட்சி, அந்நியத் துண்டு. ரீ கலத்தின் மேற்பரப்பில் பல்லாயிரக்கணக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு கலத்தின் ஏற்பிகள் அனைத்தும் ஒரே வடிவம். அந்த வடிவத்துக்குப் பொருந்தும் துண்டு வந்தால் பூட்டில் சாவி விழுந்தது போல ஏற்பி அதைப் பற்றிக் கொள்கிறது. இது முதலாவது சமிக்ஞை.

இரண்டாவது சாட்சி, ஆபத்து இருப்பதற்கான அத்தாட்சி. கிருமியையோ காயத்தையோ சந்தித்த முன்னணிக் கலங்கள் தமது மேற்பரப்பில் பி-7 என்ற புரதத்தை உயர்த்திக் காட்டுகின்றன. ரீ கலத்தில் உள்ள சீடீ-28 என்ற இன்னொரு புரதம் அதனைத் தொட்டு அறிகிறது. இது இரண்டாவது சமிக்ஞை. முதல் சமிக்ஞை மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் ரீ கலம் விழிப்பதற்குப் பதிலாக மரத்துப் போகிறது. பிறகு அழைத்தாலும் அசைவதில்லை. வீண் சண்டைகளிலிருந்து உடலைக் காக்கும் ஏற்பாடு இது.

கலத்துக்குள் ஓடும் செய்தி

இரண்டு சாட்சியும் வாசலில் கிடைத்தாயிற்று. ஆனால் உத்தரவு பிறப்பிக்க வேண்டியது உள்ளே, கருவில் இருக்கும் மரபணு. வாசலில் நடந்தது உள்ளறைக்கு எப்படித் தெரியும்?

கையிலிருந்து கைக்குச் செய்தி மாறுகிறது. ஏற்பிக்குப் பக்கத்தில் காத்திருக்கும் லக் என்ற நொதியம் முதலில் அசைகிறது. அது ஏற்பியுடன் இணைந்த புரத வால்களில் பொஸ்பேற்று என்னும் சிறு முத்திரையைக் குத்துகிறது. முத்திரை விழுந்த இடத்தில் சாப்-70 என்ற நொதியம் வந்து அமர்கிறது. அது, லாட் என்ற புரதத்தில் மேலும் முத்திரைகளைக் குத்துகிறது. லாட் ஒரு மேசை போன்றது. அதனைச் சுற்றிப் பல வேலையாட்கள் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கலத்தின் மென்சவ்விலிருக்கும் கொழுப்பொன்றை வெட்டி இரண்டு சிறு தூதுவர்களை உருவாக்குகிறார். ஒரு தூதுவர், கலத்தினுள்ளே கல்சியம் அடைத்து வைக்கப்பட்ட களஞ்சியத்துக்கு ஓடுகிறார்.

இங்கே குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். பாவற்குளத்தில் அணைக்கட்டின் ஒரு பக்கம் நீர் நிறைந்து நிற்கிறது, மறுபக்கம் வயல் காய்ந்து கிடக்கிறது. துருசைத் திறந்தால் போதும், நீர் தானாகப் பாயும். ரீ கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியத்தின் செறிவு, ஓய்வாக இருக்கும் கலத்தின் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. உள்ளேயிருக்கும் களஞ்சியம் வெறுமையானதும் கலத்தின் மென்சவ்வில் ஒராய் என்ற கதவு திறக்கிறது. வெளியே இருந்த கல்சியம் உள்ளே பாய்கிறது. ஏற்பி தொட்டதிலிருந்து இவ்வளவும் நடக்க ஒரு நிமிடம் கூடப் பிடிப்பதில்லை.

பாய்ந்த கல்சியம், கல்சினியூரின் என்ற நொதியத்தை எழுப்புகிறது. இந்தப் பெயரை மட்டுமாவது சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும். மற்றவர்கள் முத்திரை குத்த, கல்சினியூரின் முத்திரையைக் கழற்றுகிறது. என்ஃபாட் என்ற புரதம் முத்திரையிடப்பட்ட நிலையில் கருவுக்கு வெளியே தடுத்து வைக்கப்பட்டிருக்கும். முத்திரை கழன்றதும் அது கருவுக்குள் நுழைந்து, இரண்டாவது சமிக்ஞையின் வழியே வந்த மற்றப் புரதங்களோடு சேர்ந்து, இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்துக்கான மரபணுவைத் திறக்கிறது. அதுதான் “பெருகு” என்ற கட்டளை. ஏறத்தாழ ஒரு நாளில் ரீ கலம் பிரியத் தொடங்குகிறது. பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பிரிந்து, சில நாட்களில் ஒன்று ஆயிரங்களாகி விடுகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் என்னவாகும் என்பதைச் சில குழந்தைகளின் நோய் காட்டித் தந்தது. சாப்-70 பழுதாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1994இல் வைத்தியர்கள் எழுதினார்கள். இரத்தத்தில் ரீ கலங்கள் இருக்கின்றன. ஆனால் அவை விழிப்பதில்லை. கிருமிகள் அடுத்தடுத்துத் தாக்குகின்றன. ஒராய் கதவு கண்டுபிடிக்கப்பட்ட 2006ஆம் ஆண்டும், அக்கதவு திறக்காமல் பிறந்த குழந்தைகளே அதற்கு வழிகாட்டினார்கள். காவலன் இருப்பது மட்டும் போதாது, அவனுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மண்ணில் கிடைத்த மருந்து

1969இல் சுவிட்சர்லாந்தின் சண்டோஸ் மருந்துக் கம்பனி ஊழியர் ஒருவர் விடுமுறையில் நோர்வேயின் மேட்டு நிலத்துக்குச் சென்று, அங்கிருந்து சிறிது மண்ணை எடுத்து வந்தார். அதில் வாழ்ந்த ஒரு பங்கசிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். இம்மருந்தை 1978இல் சேர் ரோய் கான் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் கேம்பிரிட்ஜில் சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். 1984இல் ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் வாழும் பக்டீரியாவிலிருந்து இன்னொரு மருந்து கிடைத்தது. அதுவே இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டக்ரோலிமஸ்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பது 1991இல் தெளிவானது. மருந்து ரீ கலத்துக்குள் சென்று அங்குள்ள ஒரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக் கொண்டு, கல்சினியூரின் மீது ஏறி அமர்கிறது. அவ்வளவுதான். ஏற்பி அந்நியச் சிறுநீரகத்தைக் காண்கிறது, லக் முத்திரை குத்துகிறது, கல்சியமும் பாய்கிறது. ஆனால் என்ஃபாட்டின் முத்திரை கழலவில்லை. செய்தி வழியில் நின்று விடுகிறது. கூடவே கொடுக்கப்படும் மற்றக் குளிசைகள் வேறு இடங்களில் தடை போடுகின்றன. மைக்கோபினோலேற் ரீ கலம் பெருகுவதைத் தடுக்கிறது. பிரெட்னிசொலோன் மரபணுக்கள் பலவற்றை அடக்கி வைக்கிறது.

இலங்கையில் முதலாவது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1985இல் நடந்தது. சத்திர சிகிச்சை செய்தவர் பேராசிரியர் ஏ. எச். ஷெரிப்தீன். சிறுநீரக வைத்தியராக நின்றவர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப். நமது சமூகம் இந்தத் துறைக்கு அந்நியமானதல்ல.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். சுகமான பிறகும் ஏன் குளிசை? சிறுநீரகம் எத்தனை வருடம் உள்ளே இருந்தாலும் அதன் தட்டுகள் கொடுத்தவரின் தட்டுகளே. சாவி பூட்டைத் தேடிக் கொண்டேயிருக்கிறது. சாதாரண டக்ரோலிமஸ் குளிசையின் காவல் ஏறத்தாழ 12 மணித்தியாலக் கணக்கு. அதனால்தான் காலையும் மாலையும் ஒரே இடைவெளியில் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் மருந்து குறைந்தால் கல்சினியூரின் விடுபடுகிறது. முத்திரை கழல்கிறது. காவலன் விழிக்கிறான். நோயாளிக்குச் சுகமாகத் தோன்றுவது காவலன் இல்லாததால் அல்ல, அவன் குளிசையால் அடங்கியிருப்பதால்.

கருவறையில் ஒரு சமாதானம்

மருந்தில்லாமலே இந்தச் சமாதானம் நடக்கும் இடம் ஒன்று உண்டு. தாயின் கருவறை. வயிற்றிலிருக்கும் சிசுவின் பாதி தந்தையிடமிருந்து வந்தது. ரீ கலங்களின் கணக்கில் அது பாதி அந்நியம். ஆயினும் பத்து மாதம் காவலர்கள் அடங்கியிருக்கிறார்கள். இதற்கான ஏற்பாடுகளில் ஒன்று, மற்ற ரீ கலங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு தனிவகை ரீ கலம். முன்னணிக் கலங்களின் மேற்பரப்பிலிருந்து பி-7 புரதத்தை உரித்தெடுத்து, இரண்டாவது சாட்சியையே இல்லாமல் செய்வது அதன் வழிகளில் ஒன்று. இந்தக் கட்டுப்பாட்டுக் கலங்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாற்று உறுப்புப் பெற்றவர்களிலும் இவ்வகைக் கலங்களைக் கொண்டு குளிசையைக் குறைக்க முடியுமா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அது கைக்கு வரும்வரை குளிசையே காவல்.

இல்லத்தரசியின் பொறுப்பு

வைத்தியசாலை மாதத்தில் ஒரு நாள், மிகுதி நாட்கள் வீடு. எனவே சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

குளிசை நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டிப் போடுங்கள். ஒரு நேரம் தவறினால் உடனே சிறுநீரகம் போய்விடும் என்று பதற வேண்டாம். அடிக்கடி தவறுவதே ஆபத்து. தவறியதற்கு ஈடாக அடுத்த நேரம் இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பின்னரே காலைக் குளிசை.

வேறு கம்பனியின் குளிசை கையில் கிடைத்தால், வைத்தியரிடம் காட்டாமல் மாற்ற வேண்டாம். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாசு போன்ற பழங்கள் இரத்தத்தில் இம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். சில கிருமி எதிர்ப்பு மருந்துகள் ஏற்றும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கும். கடையில் வாங்கும் சில நோவுக் குளிசைகள் சிறுநீரகத்தையே தாக்கும். கைமருந்து, கஷாயம், கருஞ்சீரகம் எதுவானாலும் முதலில் கேளுங்கள்.

காவலனை அடக்கியிருப்பதால் கிருமிக்கும் வாசல் இலேசாகத் திறந்திருக்கிறது. காய்ச்சல், நீடித்த இருமல், சிறுநீர் எரிவு எதையும் நாளைக்கு என்று தள்ள வேண்டாம். சிறுநீர் குறைதல், கால் வீக்கம், புதிய சிறுநீரகம் வைக்கப்பட்ட அடிவயிற்றில் நோவு ஆகியவை நிராகரிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். பல வேளைகளில் அறிகுறியே இராது. இரத்தப் பரிசோதனை மட்டுமே காட்டும். அதனால் கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள்.

சிறுநீரகம் மாற்றப்பட்ட பெண்ணுக்குக் குழந்தை வேண்டுமென்ற ஆசை இருந்தால், கருத்தரிக்க முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மைக்கோபினோலேற் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கும். அதனை முன்கூட்டியே மாற்ற வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் விடயமல்ல இது.

நோன்பைப் பற்றி: நமது நாட்டில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை 13 மணித்தியாலத்துக்கும் மேல் போகிறது. 12 மணித்தியால இடைவெளி அதற்குள் அடங்காது. சிலருக்கு வைத்தியர் மருந்து முறையை மாற்றி அனுமதி தரலாம், சிலருக்கு வேண்டாம் என்பார். முடிவு சிறுநீரக வைத்தியருடையது. அவர் தடுத்தால் ஷரீஅத் நோயாளிக்கு அளித்த சலுகை இருக்கிறது. பிறகு நோற்க முடிந்தால் நோற்கலாம், முடியாதவர் ஃபித்யா கொடுக்கலாம். யாருக்கும் சொல்லாமல் குளிசையைக் குறைத்து நோன்பு நோற்பது தக்வா அல்ல. அது தன்னுயிரோடு, உறுப்பைக் கொடுத்த தாயின் தியாகத்தோடும் விளையாடுவது.

உறுப்புக் கொடுக்கலாமா என்று இன்னும் தயங்குபவர்களுக்கு: ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 1988இல் இதனை ஆராய்ந்து, கொடுப்பவருக்குப் பெருந்தீங்கு ஏற்படாதிருத்தல், விற்பனையாக இல்லாதிருத்தல் போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்துள்ளது.

ஒருவர் தன் உடலின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்த பிறகு அது அமானிதமாகி விடுகிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு கோப்பை தண்ணீரோடு குளிசையை எடுத்து நீட்டும் கை, அந்த அமானிதத்தைக் காக்கும் கை. அந்தக் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.